தீர்மானம் இல்லாமல் ஒரு பொருளும் வெளியே போகாது

சீனியம்மா பயந்த சுபாவக்காரி. கிராம சேவகருக்குப் பயம், பஸ் கண்டக்டருக்குப் பயம், வாடகை வாங்க வருகிறவரின் செருப்புச் சத்தத்துக்கும் பயம். இத்தனை பயங்களையும் முப்பத்தாறு வயது வரை எப்படியோ சமாளித்து வந்தவள், உதவி செய்கிறவர்களின் கையில் அகப்பட்ட பிறகுதான் பயம் என்றால் என்னவென்று சரியாக அறிந்துகொண்டாள்.

கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்று சொல்கிற ஒரு நெருக்கமான குடியிருப்புக்குள்ளே, பொதுக் குழாயிலிருந்து நான்காவது அறை அவளுடையது. பகலில் பழைய சோனகத் தெருவில் ஒரு மொத்தக் கடைக்குச் செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளப் போவாள். வீட்டில் இருப்பது அவளும் ஒன்பது வயது மகள் றஷ்மியும்தான். றஷ்மியின் அப்பா கட்டாருக்குப் போய் நாலு வருடம். முதல் வருடம் போன் வந்தது.

றஷ்மி ஏழு மாதத்தில் பிறந்தவள். கால் இரண்டும் சொல்வழி கேளாதவை. வாய் மட்டும் இரண்டு பேருக்குப் போதுமான அளவு வேலை செய்தது. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்பாள், இரண்டு எட்டு வைப்பாள், மூன்றாவது எட்டில் விழுவாள், விழுந்ததற்கும் சிரிப்பாள்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற மிஸ் ஒரு நாள் சீனியம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். பிள்ளை வளர்கிறது, தசைநார் இறுகிக்கொண்டு வருகிறது. ஆறு மாதத்துக்குள் ஒரு வோக்கரைப் பிடித்து ஒவ்வொரு நாளும் நடக்கப் பழக வேண்டும். பழகாவிட்டால் முழங்கால் மடங்கினபடியே நின்றுவிடும், பிறகு ஒப்பரேஷன், அதற்குப் பிறகும் நிச்சயம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருப்பது ஒரே ஒரு வோக்கர், அதை வீட்டுக்குக் கொடுக்க முடியாது. வெள்ளவத்தையில் ஒரு சங்கம் இருக்கிறதாம், அங்கே சின்னப் பிள்ளைகளுக்கான வோக்கர் ஒன்று சும்மா கிடக்கிறதாம், போய்க் கேட்டுப் பாருங்கள் என்றாள்.

சீனியம்மா ஆறு மாதத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமையே மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

சிறார் நேயத் தொண்டர் பேரவையின் மண்டபம், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இருந்தது. வோக்கர் சும்மா கிடக்கவில்லை. மேடைக்குப் பக்கத்தில் நின்றது. நீல நிறம், முன்னால் உருளுகிற இரண்டு சில்லு, றஷ்மியின் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற கைபிடி. மூன்று வருடத்துக்கு முன்பு கனடாவிலிருந்து வந்ததாம். மேலே சுற்றிய பொலித்தீன்கூட முழுதாகக் கழற்றப்படவில்லை. அதன் ஒரு கைபிடியில் செயலாளர் பாலேஸ்வரி ரீச்சரின் பூப்போட்ட குடை தொங்கியது.

பாலேஸ்வரி ரீச்சர் ஒரு பெரிய பாடசாலையில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு பக்க விண்ணப்பப் படிவத்தைத் தாமே நிரப்பித் தருவதாகப் பெரிய மனது பண்ணினார். பதினான்காவது கேள்வி வரை எல்லாம் நல்லபடி போனது.

"பிள்ளைக்கு நடக்க ஏலுமோ? ஓமோ, இல்லையோ?"

"புடிச்சுக்கிட்டா நிப்பாங்க மிஸ். ரெண்டு எட்டு வைப்பா."

ரீச்சர் பேனையைக் கீழே வைத்தார். "இஞ்சை பாருங்கோ தங்கச்சி, ஓமெண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை. ரெண்டு எட்டுக்கு இதிலை கட்டம் இல்லை."

விஷயம் தலைவர் இரத்தினசிங்கம் ஐயாவிடம் போனது. அவர் ஏதோ ஒரு திணைக்களத்தில் பிரதிப் பணிப்பாளராக இருந்தவர். எந்தத் திணைக்களம் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை, பிரதிப் பணிப்பாளர் என்பது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. படிவத்தை வாங்கிப் பார்த்தவர், இருந்த இடத்திலேயே எழும்பி நின்று உரையாற்றத் தொடங்கினார். கேட்பதற்குப் பேரவைக்காரர் ஆறு பேர்தான் இருந்தார்கள், ஆனாலும் மைக்கைப் போட்டார்.

"நடக்கிற பிள்ளைக்கு வோக்கர் என்னத்துக்கு? நடக்காத பிள்ளைக்கு அதைக் குடுத்தால், அது அதை வைச்சு என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு விடை காணாமல்தான் மூண்டு வருசமாய் நாங்கள் நித்திரை இல்லாமல் இருக்கிறம். அவசரப்பட்டுக் குடுத்திருந்தால் எண்டைக்கோ பிழை விட்டிருப்பம். இண்டு வரைக்கும் இந்தப் பேரவை ஒரு பிழையான பிள்ளைக்கும் உதவி செய்யேல்லை. அதை நெஞ்சை நிமித்திச் சொல்லுவன்."

ஐந்து பேர் கைதட்டினார்கள். ஆறாவது ஆள் அனுஜன், கொம்பனித்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பனியில் வேலை செய்கிற பெடியன், பேரவையின் படப்பிடிப்புக்குப் பொறுப்பு. அவன் கைதட்டுகிறவர்களைப் படம் எடுத்தான்.

ஒரு வரைவிலக்கண உபகுழு அமைக்கப்பட்டது. யாருக்கு வோக்கர் கொடுக்கலாம் என்று அது இரண்டு மாதம் கூடிக் கூடி ஆராய்ந்து, "இன்று நடக்காத, ஆனால் நாளை நடக்கப்போகிற பிள்ளை" என்று ஒரு முடிவுக்கு வந்தது. நாளை நடக்கும் என்பதற்கு எழுத்தில் அத்தாட்சி வேண்டும். அத்தாட்சி கேட்டுப் பேரவை கொடுத்த கடிதத்தை ஆஸ்பத்திரி மிஸ் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "நாளைக்கு நடப்பா எண்டு கடவுள்தான் கையெழுத்து வைக்கவேணும் அம்மா" என்றாள். கடவுளிடம் கேட்டுக்கூட வாங்கிவிடலாம், பூசாரி ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று சீனியம்மா நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது.

மூன்றாவது மாதம் ஆய்வுக் குழு வீட்டைப் பார்க்க வருவதாகப் போன் வந்தது. நூறு புள்ளி போடுவார்களாம். வறுமைக்கு நாற்பது, இயலாமைக்கு நாற்பது, நன்றியுணர்வுக்கு இருபது.

அன்றைக்கு முழுவதும் சீனியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. இருந்த ஒரே மேசைக் காற்றாடியைக் கொண்டுபோய்ப் பக்கத்து அறையில் கொடுத்தாள். சுவரில் மாட்டியிருந்த நல்ல கலண்டரைக் கழற்றிப் பழைய கலண்டரை மாட்டினாள். பிறகு மகளுக்கு முன்னால் குந்தினாள்.

"அவங்க வந்தா எந்திரிச்சு நிக்காத."

"மிஸ் ஒவ்வொரு நாளும் நிக்கச் சொன்னாங்களே?"

"மிஸ் சொன்னா நில்லு. இவங்க முன்னால நிக்காத. சிரிக்கவும் செய்யாத. சிரிச்சா புள்ளி கொறஞ்சிரும்."

"எத்தன கொறையும்?"

"வாய மூடு கண்ணு."

பெற்ற பிள்ளையைப் பார்த்து நிற்காதே, சிரிக்காதே என்று சொல்கிற நாக்கை அறுத்துப் போடலாம் போல அவளுக்கு இருந்தது. சொன்னாள்தான்.

ஒரு வான் பிடித்துக்கொண்டு பதினொரு பேர் வந்தார்கள். அறைக்குள் நாலு பேருக்குத்தான் இடம். ஆகவே நாலு நாலு பேராக முறை வைத்து உள்ளே வந்தார்கள், ஒவ்வொரு முறையும் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டார்கள். காற்றாடி இல்லாத வெக்கையில் றஷ்மிக்கு வியர்த்து ஊற்றியது. ஆனாலும் பாயில் இருந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தாள். கடைசியாகத் தலைவர் வந்தார். வரும்போது தாழ்ந்த கதவு நிலையில் தலையை மடேரென்று இடித்துக்கொண்டார்.

றஷ்மிக்கு அடக்க முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். அனுஜனுக்கும் சிரிப்பு வந்து கமராவை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டான்.

"பிள்ளை சந்தோஷமாய் இருக்குது" என்று பாலேஸ்வரி ரீச்சர் எழுதினார்.

"இல்லைங்க மிஸ், சும்மாதான் சிரிக்கிறா. உள்ளுக்குள்ள கவலதாங்க" என்று சீனியம்மா கெஞ்சினாள்.

ரீச்சர் குனிந்து, "உம்முடைய பெரிய ஆசை என்ன, பிள்ளை?" என்று கேட்டார்.

"வோக்கர்ல தொங்குற குடையக் கழட்டிட்டு, அதப் புடிச்சு நடக்கணும் மிஸ்."

நன்றியுணர்வுக்கு இருபதுக்கு ஆறு விழுந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு செய்தியும் இல்லை. சீனியம்மா ஒவ்வொரு இரவும் மகளின் காலுக்கு எண்ணெய் தடவி நீட்டிப் பார்ப்பாள். இடது கால் நீளும். வலது முழங்கால் முன்பு போல முழுதாக நீளவில்லை, ஒரு விரல் அளவு மடங்கியே நின்றது. அடுத்த கிழமை இரண்டு விரல். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்ற பயம்.

ஐந்தாம் மாதம் முடிகிற சமயத்தில், வோக்கர் பற்றித் தீர்மானிக்கப் பொதுக்கூட்டம் கூடியது. தாயும் பிள்ளையும் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து மஹ்ரூப் தன் ஓட்டோவில் கூட்டிவந்து, "நான் ஒழுங்கையிலேயே நிக்கிறேன், முடிஞ்சதும் வாங்க" என்றான். றஷ்மியை எல்லோரும் பார்க்கும்படி மேடைக்குப் பக்கத்தில், வோக்கரை ஒட்டினாற்போல ஒரு கதிரையில் இருத்தினார்கள். சீனியம்மாவுக்குக் கடைசி வரிசையில், வாசலோரம் இடம்.

பேரவைக் கூட்டம் எப்போதும் இரண்டு நிமிட மௌன அஞ்சலியோடுதான் தொடங்கும். அதில் இரத்தினசிங்கம் ஐயா மகா கண்டிப்பு. கண் மூடியிருக்க வேண்டும், தலை குனிந்திருக்க வேண்டும், மூச்சு விடுவதுகூடக் காதில் விழக் கூடாது. ஒரு முறை யாரோ தும்மியதற்காக இரண்டு நிமிடத்தையும் முதலிலிருந்து தொடங்கியவர். அன்றைக்கும் யாருடைய போனோ அடித்துவிட்டது. செத்தவர்களுக்கு நாலு நிமிடம் கிடைத்தது.

பிறகு விளக்கேற்றல், வரவேற்புரை, மூன்று பேருக்குப் பொன்னாடை. பொன்னாடை போர்த்தப்பட்ட மூன்று பேரும் முன்பு போர்த்தியவர்களுக்குத் திரும்பப் போர்த்தினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு விஷயத்துக்கு வந்தார்கள்.

ஒருவர், பட்டியலில் உள்ள நாற்பது பிள்ளைகளுக்கும் பாகுபாடு இல்லாமல் வருடத்தில் ஒன்பது ஒன்பது நாள் வோக்கரைக் கொடுக்கலாம் என்றார். அதில் பத்துப் பிள்ளைகள் கண் தெரியாதவர்கள், நடப்பதில் அவர்களுக்குக் குறை இல்லை என்று இன்னொருவர் சுட்டிக்காட்டினார். அப்படியென்றால் அவர்களை ஒதுக்குவதா என்று முதலாமவர் கொதித்தார். மூன்றாமவர், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பேரவையின் சேவைக்குச் சின்னமாக மண்டபத்திலேயே வைக்கலாம் என்றார். அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

"இன்னுமொரு உபகுழு அமைப்பம். அறிக்கை வந்த பிறகு, வாற வருசம் டிசம்பரிலை மாற்றுத்திறனாளிகள் தினத்தண்டு, ஒரு பிரதம விருந்தினரைக் கொண்டு பொருத்தமான பிள்ளைக்குக் குடுப்பம்."

அடுத்த டிசம்பருக்குப் பதின்மூன்று மாதம் கிடந்தது. சீனியம்மாவின் கால்கள் அவளைக் கேட்காமலே எழும்பிவிட்டன.

"ஐயா... அதுக்குள்ள புள்ளைக்குக் கால் இறுகிருமுங்க. ஒரு மாசந்தான் இருக்குதுங்க."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. இரத்தினசிங்கம் ஐயா கோபிக்கவில்லை. இரக்கத்தோடு சிரித்தார்.

"அம்மா, உணர்ச்சிவசப்படக் கூடாது. இது உங்கடை பிள்ளையைப் பற்றின கூட்டம் இல்லை. பிள்ளைகளைப் பற்றின கூட்டம். இருங்கோ."

அவள் இருந்தாள். எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பாலேஸ்வரி ரீச்சரின் போனில் ஒரு தகவல் வந்து விழுந்தது. பேரவைக் காப்பாளரின் மைத்துனர் ரொறன்ரோவில் காலமானார். ரீச்சர் தலைவரின் காதில் சொன்னார். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"அன்னாருக்காக ரெண்டு நிமிட மௌன அஞ்சலி. எல்லாரும் எழும்பி நிக்கவும்."

நாற்பத்தைந்து பேர் எழும்பித் தலையைக் குனிந்து கண்ணை மூடினார்கள். றஷ்மி பெரியவர்கள் சொல் கேட்கிற பிள்ளை. எல்லாரும் என்று ஐயா சொன்னார் அல்லவா? பக்கத்தில் இருந்த வோக்கரின் கைபிடிகளை, மிஸ் பழக்கினபடி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். உன்னினாள். எழும்பி நின்றாள்.

தலையைக் குனியாமல் நின்ற சீனியம்மா இதைப் பார்த்தாள். அவளுக்கு உயிர் போய் வந்தது. இரு, இரு என்று கையைக் காட்டினாள். வா, வா என்று அம்மா கூப்பிடுவதாக றஷ்மி விளங்கிக்கொண்டாளா, அல்லது விளங்கியும் விளங்காதது போல இருந்தாளா, அது இன்றுவரை தெரியாது. ஒரு எட்டு வைத்தாள். சில்லு கிரீச்சிட்டது. இன்னொரு எட்டு.

"ம்ம்!" என்று தலைவர் கண்ணைத் திறக்காமலே உறுமினார்.

சீனியம்மாவால் கத்த முடியாது, ஓட முடியாது. மூன்றாவது எட்டில் விழுவாள் என்று காத்திருந்தாள். றஷ்மி விழவில்லை. ஆறு, ஏழு. வலது கால் இழுபட்டது, ஆனாலும் வந்தது. நடு வழியில் ஒரு கதிரை குறுக்கே கிடந்தது. பக்கத்தில் நின்ற அனுஜன் ஒரு கண்ணைத் திறந்தான். பார்த்தான். காலால் கதிரையை மெதுவாக ஒதுக்கிவிட்டு, அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டான். பதினைந்து, பதினாறு. கைபிடியில் ரீச்சரின் பூப்போட்ட குடை ஆடி ஆடி வந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் றஷ்மிக்கு அதைக் கழற்ற வழி இல்லை.

பிள்ளை வந்து தாயின் முன்னால் நின்றது. முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் பல். வாசல் திறந்து கிடந்தது.

இந்த இடத்தில் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வோக்கரை அங்கேயே விட்டுப் போவதுதான் முறை. சீனியம்மாவுக்கு முறை தெரியும். அவள் குனிந்து, வாசற்படியைத் தாண்டுவதற்காக வோக்கரின் முன்சில்லைத் தூக்கி விட்டாள்.

"என்னக்கா, தந்துட்டாங்களா?" என்று மஹ்ரூப் கேட்டான்.

"ஓட்டுங்க தம்பி. சீக்கிரமா ஓட்டுங்க."

காலி வீதி நெடுகிலும் ஒவ்வொரு பொலிஸ்காரரைக் கண்டபோதும் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மண்டபத்துக்குள்ளே, சத்தம் கேட்ட குற்றத்துக்காக இரத்தினசிங்கம் ஐயா இரண்டு நிமிடத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

அடுத்த மூன்று கிழமையும் சீனியம்மா செத்துச் செத்துப் பிழைத்தாள். தோட்டத்து வாசலில் வாகனம் நின்றால் வோக்கரின் மேல் சேலையைப் போடுவாள். குழாயடியில் யாராவது அவள் பெயரைச் சொன்னால் குடம் கையிலிருந்து வழுகும். பொலிஸ் தன்னைக் கொண்டுபோனால் பிள்ளைக்கு யார் சோறு ஊட்டுவது என்று படுக்கையில் கிடந்து கணக்குப் பார்ப்பாள். ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தாள். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது. திருடி என்று சொல்லட்டும், பொய்க்காரி என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டாம்.

றஷ்மியோ காலையில் குழாயடிக்கும் மாலையில் தோட்டத்து வாசலுக்கும் நடந்தாள். வலது முழங்காலின் மடிப்பு இரண்டு விரலிலிருந்து ஒரு விரலானது.

நாலாவது சனிக்கிழமை பேரவையின் வான் வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. சேலையைத் தேடுவதற்குள் பாலேஸ்வரி ரீச்சர் வாசலில் நின்றார், பின்னால் கமராவோடு அனுஜன். புதிய உபகுழுவுக்குப் புதிதாக ஒரு படம் தேவையாம். அறை நடுவே றஷ்மி நீல வோக்கரைப் பிடித்தபடி நின்றாள். கைபிடியில் பூப்போட்ட குடை.

ரீச்சர் மேலும் கீழும் பார்த்தார். "இது எங்காலை?"

சீனியம்மா அப்படியே காலில் விழுந்தாள். "ஒங்க மண்டபத்துல இருந்ததுதாங்க மிஸ். அன்னிக்கு எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு நின்னப்போ நாந்தாங்க கொண்டாந்தேன். என்னைய என்ன வேணும்னாலும் செய்ங்க, பொலிஸ்ல மட்டும் குடுத்துராதீங்க. புள்ளைக்கு வேற ஆளில்லைங்க."

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்?" ரீச்சருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "தீர்மானம் இல்லாமல் எங்கடை மண்டபத்தாலை ஒரு பொருளும் வெளியிலை போகாது. பதினேழு வருசமாய்ப் போகேல்லை. எழும்புங்கோ!"

பையிலிருந்து கோப்பொன்றை எடுத்து விரித்துக் காட்டினார். பொருட்பதிவேட்டின் பிரதி. போன ஞாயிற்றுக்கிழமை திகதியில், 'நீல வோக்கர், ஒன்று, உண்டு' என்று எழுதி, கீழே தலைவரின் கையெழுத்தும் ரீச்சரின் கையெழுத்தும்.

"பாத்தியளோ? இருக்கு."

"அப்ப... இந்தக் குடைங்க மிஸ்?"

ரீச்சர் குடையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுமாதிரி என்னட்டையும் ஒண்டு இருக்கு. மண்டபத்திலை தொங்க விட்டனான். அங்கைதான் இருக்கும்."

அனுஜன் கூரைத் தகரத்தில் எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரீச்சர் பேனையைத் திறந்து, சொல்லிச் சொல்லி எழுதினார். "விண்ணப்பதாரியிடம் ஏற்கெனவே வோக்கர் உள்ளது. பிள்ளை நடக்கிறது. உதவி தேவையில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது." பிறகு நிமிர்ந்து, "இதை முதலே சொல்லியிருக்கலாமே தங்கச்சி? உங்களாலை எங்களுக்கு ஆறு மாசம் வீண்" என்றார். கோப்பைத் தலைக்கு மேலே பிடித்தபடி, தூறலுக்குள் இறங்கி வானை நோக்கி ஓடினார்.

அனுஜன் வாசலில் ஒரு கணம் நின்று, "வடிவா நட, என்ன?" என்று றஷ்மியிடம் சொல்லிவிட்டுப் பின்னால் போனான். படம் எடுக்க மறந்துவிட்டான்.

சீனியம்மா நிலத்திலேயே இருந்தாள். றஷ்மியின் வயிறு குலுங்கத் தொடங்கியது, தோள் குலுங்கியது, வாய் திறந்தது. வான் இன்னும் தோட்டத்து வாசலைத் தாண்டவில்லை.

"ஸ்ஸ்! சிரிக்காத!" என்றாள் சீனியம்மா. பழக்கம். பிறகு மகளைப் பார்த்தாள், வோக்கரைப் பார்த்தாள், திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள்.

"கதவச் சாத்திட்டு வந்து சிரி கண்ணு."

றஷ்மி நடந்து போய்க் கதவைச் சாத்தினாள்.